தர்மனுக்கு 70 விழுக்காடு: வாக்கு ஜெயித்ததா, வடிகட்டி ஜெயித்ததா?

கேலாங் கதிர்:
2023 செப்டம்பர் 1இல் நடந்த சிங்கப்பூர் அதிபர் தேர்தலை இன்னும் "அமோக வெற்றி" என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். தர்மன் சண்முகரத்னம் 70.4%, இங் கொக் சொங் 15.7%, டான் கின் லியான் 13.9%. கணக்கு சரி. ஆனால் 1959 முதல் மக்கள் செயல் கட்சி என்ற ஒரே கட்சி ஆளும் நாடு இது. அந்தக் கட்சியின் மூத்த அமைச்சர் தர்மன் ஜூலையில் கட்சியை விட்டு விலகி, செப்டம்பரில் "கட்சி சாராத" வேட்பாளராக நிற்கிறார். எதிரில் யார் நிற்கலாம் என்பதை ஒரு குழு தீர்மானிக்கிறது. தனியார் துறை ஆள் என்றால் சராசரியாக 50 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பங்குதாரர் நிதி உள்ள நிறுவனத்துக்குத் தலைமை வகித்திருக்க வேண்டும். நிற்க விரும்பிய தொழிலதிபர் ஜார்ஜ் கோ தன் ஐந்து நிறுவனங்களையும் கூட்டிக் காட்டினார், ஏற்கவில்லை. இதைப் போட்டி என்று எப்படிச் சொல்வது?

தெம்பனீஸ் மீனா:
அந்த ஜூலை மாதம் எப்படி இருந்தது என்று மறந்துவிட்டீர்களா கதிர்? அமைச்சர் ஈஸ்வரன் கைது. அடுத்த வாரமே நாடாளுமன்ற நாயகரும் (சபாநாயகர்) ஒரு பெண் உறுப்பினரும் தகாத உறவு விவகாரத்தில் பதவி விலகினார்கள். மக்கள் செயல் கட்சி மேல் கடுப்பைக் காட்ட அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அப்படியிருந்தும் 70! 2020 பொதுத் தேர்தலில் அதே கட்சிக்குக் கிடைத்தது 61.2% தான். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்குப் போட்ட கைகளிலும் பல இந்த முறை தர்மனின் அன்னாசிப்பழச் சின்னத்தில் குறி போட்டிருக்கின்றன. வாக்குச்சீட்டில் மூன்று படம், மூன்று சின்னம். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

மதுரை மைனர்:
எப்படியோ, நம்ம ஊர்க்காரர் ஒருவர் அதிபர் மாளிகை இஸ்தானாவில் உட்கார்ந்தாரே, அதுவே போதும் 😊

தெம்பனீஸ் மீனா:
மைனர், அவர் குடும்ப வேர் இலங்கைத் தமிழ். மதுரைக்குப் பட்டா போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மீனா அக்கா 2023ஐ மட்டும் பார்க்கிறார். கொஞ்சம் பின்னால் போங்கள்.

1993, மக்கள் நேரடியாக வாக்களித்த முதல் அதிபர் தேர்தல். ஓங் டெங் சியோங் துணைப் பிரதமராக இருந்தவர், தொழிற்சங்கத் தலைவர், எல்லாருக்கும் தெரிந்த முகம். எதிரில் சுவா கிம் இயோ, ஓய்வுபெற்ற தலைமைக் கணக்காளர். போட்டி வேண்டுமே என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டதால் வேண்டாவெறுப்பாக நின்றவர், பிரசாரமும் பேருக்குத்தான். அவருக்கு 41% விழுந்தது! சுவாவைப் பிடித்துப்போய் அத்தனை பேரும் போட்டார்கள் என்றால் நான் நம்ப மாட்டேன்.

2011இல் நின்ற நால்வருக்கும் டான் என்றே பெயர். டோனி டான் 35.2%, டான் செங் போக் 34.85%. ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கில் தப்பினார் முன்னாள் துணைப் பிரதமர். 2016 மார்ச்சில் செங் போக் மறுபடி நிற்பேன் என்று அறிவிக்கிறார். அதே ஆண்டு நவம்பரில் அரசமைப்பைத் திருத்துகிறார்கள். 10 கோடி வெள்ளி மூலதனம் என்றிருந்த வரம்பு 50 கோடி பங்குதாரர் நிதியாகிறது, 2017 தேர்தல் மலாய் சமூகத்துக்கு ஒதுக்கப்படுகிறது, இன்னும் இருவரைத் தகுதியில்லை என்று தள்ளுகிறார்கள், ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வருகிறார். இதற்குப் பிறகு "யாரும் கையைப் பிடிக்கவில்லை" என்கிறீர்கள். கையை ஏன் பிடிக்க வேண்டும், சீட்டே அச்சடிக்கவில்லையே!

பூன் லே பாலன்:
ஒதுக்கீட்டைக் கிண்டல் செய்வது சுலபம் கணக்கு சார். முதல் அதிபர் யூசோஃப் இஷாக் 1970இல் இறந்த பிறகு 47 ஆண்டு ஒரு மலாய்க்காரர் கூட அதிபராகவில்லை. முக்கால்வாசிப் பேர் சீனர்களாக உள்ள நாட்டில் அதைத் தானாக நடக்கட்டும் என்று விட முடியுமா?

கேலாங் கதிர்:
பாலன் அண்ணே, தர்மன் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70% வாங்கினாரே. சிறுபான்மை ஆள் திறந்த போட்டியில் ஜெயிக்க முடியும் என்றால் 2017இல் ஒதுக்கீடு எதற்கு? ஜெயிக்க முடியாது என்றால் 2023 எப்படி? இரண்டில் ஒன்றைப் பிடியுங்கள். இன்னொன்று, ஒதுக்கீட்டுக்குக் காரணமாகச் சொன்ன, ஐந்து தவணையாக மலாய் அதிபர் இல்லை என்ற கணக்கை, மக்கள் வாக்கே பெறாத முன்னாள் அதிபர் வீ கிம் வீயிடமிருந்து தொடங்கினார்கள்.

பூன் லே பாலன்:
தர்மன் ஒருவரை வைத்து விதி எழுத முடியாது. அவருடைய தொகுதியான ஜூரோங்கில் 2001 முதல் அவரைப் பார்த்தவன் நான். கட்சிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் மக்கள் வாக்களிக்கும் அபூர்வ ஆள். எல்லாத் தலைமுறையிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா?

வரம்பு விஷயத்துக்கு வருகிறேன். அதிபரின் முக்கிய வேலை நாடு சேர்த்து வைத்த நிதியிருப்புக்கு இரண்டாவது சாவி வைத்திருப்பது. 2009 நெருக்கடியில் 490 கோடி வெள்ளி எடுக்க அப்போதைய அதிபர் நாதன் ஒப்புதல் தந்தார். 2020 கொவிட்டில் ஹலிமா 5,200 கோடி வரை எடுக்கச் சம்மதித்தார். அந்தப் படிவத்தில் கையெழுத்திட, மேடைப் பேச்சில் ஜெயித்த யாரோ ஒருவர் போதுமா?

கணக்குப்பிள்ளை:
சாவி என்றதும் ஓங் நினைவுக்கு வருகிறார். காக்க வேண்டிய சொத்து எவ்வளவு என்று கேட்டார். முழு மதிப்பைக் கணக்கிட ஒரு ஆளுக்கு 56 ஆண்டு வேலை ஆகும் என்று பதில் வந்ததாக 1999இல் செய்தியாளர் கூட்டம் வைத்தே சொன்னார். எல்லாத் தகுதியும் உள்ள, கட்சியிலிருந்தே வந்த மனிதர். அவருக்கே பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பிறகு அவர் நிற்கவில்லை. நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றி வந்தார். 50 கோடி வரம்பு இந்தச் சிக்கலில் எதைத் தீர்க்கிறது, சொல்லுங்கள்.

தெம்பனீஸ் மீனா:
ஓங் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், அவரை நடத்திய விதம் சரியில்லை. ஆனால் கதிர் கேட்டது வாக்காளரைப் பற்றி. 2011இல் அத்தனை வாக்கு வாங்கிய அதே செங் போக், 2023இல் கின் லியானுக்கு ஆதரவு தெரிவித்தார். விளைவு? 13.9. எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடையில் எதிர்க்கட்சி ஆதரவாளர்களே கின் லியானுடைய பழைய முகநூல் பதிவுகளைக் காட்டி முகம் சுளித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எதிர்த்துப் போடும் கூட்டம் இல்லை இது. அப்புறம், பொதுத் தேர்தலில் இந்த 50 கோடி வடிகட்டி கிடையாது. 2025 மேயில் அதே கட்சி 65.6% வாங்கி, 97இல் 87 இடத்தைப் பிடித்தது. அதுவும் வடிகட்டி கொடுத்ததா?

கேலாங் கதிர்:
65.6% வாக்குக்கு 90% இடம். அது எப்படி வந்தது என்று கேட்டால் பல உறுப்பினர்களை ஒரே அணியாகத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிக்கும், தொகுதி எல்லைக்கோட்டுக்கும் போக வேண்டும். தனி இழை திறவுங்கள் அக்கா, வருகிறேன். இங்கே என் கேள்வி அப்படியே நிற்கிறது: வரம்பை 10 கோடிக்கே இறக்கினால், நீங்கள் சொல்லும் இந்த விவரமான வாக்காளர்களை நம்புவதில் உங்களுக்கு என்ன பயம்?

பூன் லே பாலன்:
பயமில்லை. 20 கோடி என்றால் பேசலாம். 10க்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.