செவ்வாய்க்கிழமை கவென்ட்ரியுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம்: ஒரு கோல் முன்னிலையை நம்பலாமா?

விளக்குத்தூண் (11 மே 2025, ஞாயிறு)

நண்பர்களுக்கு வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீகுக்கு ஏற மீதமுள்ள ஒரே இடத்துக்கான போட்டி பிளே-ஆஃப். வெள்ளிக்கிழமை இரவு கவென்ட்ரியில் நடந்த அதன் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் நம் சண்டர்லேண்ட் 2-1 என்று வென்றதை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நம் இசிடோர் அடித்த கோலின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் கவென்ட்ரியின் ரூடோனி சமன் செய்ததும், ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுடைய வான் எவைக் பின்னோக்கித் தட்டிய வலுவில்லாத பந்தை நம் மயெண்டா பாய்ந்து பிடித்துக் கோலாக்கியதும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. மறு ஆட்டம் செவ்வாய் இரவு நம் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டில்; இரு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. நம் ஊர்க் கணக்கில் புதன் அதிகாலை 12.30 மணி.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அந்த ஆட்டத்தில் பெரும்பகுதி நேரம் பந்து கவென்ட்ரியின் காலடியில்தான் இருந்தது. நாம் பொறுமையாகக் காத்திருந்து, கிடைத்த வாய்ப்புகளைப் பயன்படுத்திக்கொண்டோம். அதே முறையைச் சொந்த மைதானத்திலும் பின்பற்றி முன்னிலையைக் காப்பதா, அல்லது கோல் கணக்கு 0-0 என்று எண்ணிக்கொண்டு தொடக்கத்திலிருந்தே ஏறி ஆடுவதா? அடுத்தது, லீகின் கடைசி 5 ஆட்டங்களிலும் தோற்று, 76 புள்ளிகளுடன் நான்காம் இடத்தில் முடித்த ஓர் அணி பிரீமியர் லீகுக்கு ஏறும் என்று நம்புவது நியாயமா? லீட்ஸும் பர்ன்லியும் ஆளுக்கு 100 புள்ளிகள் எடுத்து நேரடியாக ஏறிவிட்டன என்பதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

பழைய ரோக்கர்

தம்பி, 2-1 என்ற கணக்கைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2023இல் இதே அரையிறுதியில் லூட்டனை நம் மைதானத்தில் 2-1 என்று வென்றோம். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் ஊரில் 2-0 என்று தோற்று வெளியேறினோம். 1998இல் அதுவே தலைகீழாக நடந்தது. முதல் ஆட்டத்தில் ஷெஃபீல்ட் யுனைடெட் நம்மை 2-1 என்று வென்றது. ஸ்டேடியம் ஆஃப் லைட் திறந்து முதல் பருவமான அந்த ஆண்டில், இங்கே நடந்த மறு ஆட்டத்தை 2-0 என்று வென்று நாம் இறுதியாட்டத்துக்கு வெம்ப்ளிக்குப் போனோம். ஆக, இந்தக் கணக்கு புரட்டப்படுவதை நாம் இரு பக்கமும் நின்று பார்த்திருக்கிறோம்.

அந்த வெம்ப்ளி இறுதியை எழுதாமல் கடக்க முடியவில்லை. சார்ல்டனுடன் 4-4, பெனால்டியில் 7-6 என்று தோல்வி. நமக்கு எதிராக மூன்று கோல் அடித்த கிளைவ் மென்டோன்கா சண்டர்லேண்டிலேயே வளர்ந்தவர். கடைசிப் பெனால்டியைத் தவறவிட்ட மைக்கேல் கிரேயும் இதே மண்ணின் பிள்ளை. ஓர் ஊர் தன் பிள்ளைகளாலேயே இரு வகையிலும் அடி வாங்கிய நாள் அது. 2004 அரையிறுதியில் கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராகச் சொந்த மைதானத்தில் 2-0 என்று முன்னிலை பெற்று, இறுதி விசிலுக்குக் காத்திருந்தபோது டாரன் பவல் தலையால் முட்டி ஒன்றை அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். அதன்பின் பெனால்டியில் தோற்றோம். காத்து நின்றே கரையேறலாம் என்று நினைப்பவர்கள் அந்த இரவை நினைவில் வைக்க வேண்டும்.

எதிரணி கவென்ட்ரி என்பதால் 1977ஐயும் சொல்லியே ஆக வேண்டும். அப்போது முதல் பிரிவின் கடைசி நாளில் நாமும் கவென்ட்ரியும் பிரிஸ்டல் சிட்டியும் கீழிறங்கும் விளிம்பில் நின்றோம். கூட்டம் அதிகம் என்று சொல்லி அவர்களுடைய ஆட்டம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. எவர்ட்டனில் நாம் 2-0 என்று தோற்றுவிட்ட செய்தி கவென்ட்ரி மைதானத்தின் பலகையில் ஒளிர்ந்ததும், 2-2 என்று இருந்த அந்த இரு அணிகளும் மீதி நேரத்தைப் பந்தை உருட்டியே கழித்தன. இருவரும் தப்பினார்கள், நாம் இறங்கினோம். அப்போது கவென்ட்ரி கிளப்பை நடத்திய ஜிம்மி ஹில்லின் பெயரை இன்றும் இங்கே முகம் சுளிக்காமல் யாரும் சொல்வதில்லை. இன்றைய ஆட்டக்காரர்கள் யாரும் அன்று பிறந்திருக்கவில்லை என்பதை அறிவேன். ஆயினும் செவ்வாய் இரவு எழும் இரைச்சலில் ஒரு பங்கு அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்காகத்தான் இருக்கும்.

நடுக்கள நோட்டு

பெரியவர் சொன்ன வரலாற்றில் ஒரு விடுபாடு இருக்கிறது. 2022இல் மூன்றாம் பிரிவு அரையிறுதியில் ஷெஃபீல்ட் வென்ஸ்டேவை இங்கே 1-0 என்று வென்று, அவர்கள் மைதானத்தில் ஒரு கோல் வாங்கி, 93ஆம் நிமிடத்தில் பேட்ரிக் ராபர்ட்ஸ் அடித்த கோலால் தப்பினோம். அவரும் கோல் காப்பாளர் பாட்டர்சனும் இப்போதும் அணியில் இருக்கிறார்கள். ஒரு கோல் முன்னிலையைச் சுமந்து ஆடுவது எப்படி என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கேள்விக்கு வருகிறேன். காத்திருப்பது என்றால் பெனால்டி எல்லைக்குள் ஒடுங்குவது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கவென்ட்ரிக்கு இரு ஓரங்களிலிருந்தும் பந்தை உள்ளே தூக்கிப் போடும் வசதி உண்டு. வான் எவைக் ஒரு பிழை செய்தார் என்பதற்காக அவருடைய ஓட்டத்தை மறந்துவிடக் கூடாது. நம்மிடம் அரைப் பருவம் கடனாக ஆடிய முன்கள ஆட்டக்காரர் எல்லிஸ் சிம்ஸ் இப்போது அவர்கள் பக்கம். அவர்கள் ஓரத்திலிருந்து பந்தைத் தூக்காதபடி நடுக்களத்திலேயே நெருக்க வேண்டும். அதற்கு ஜோப் பெல்லிங்ஹாமும் டான் நீலும் முன்னேறி நிற்க வேண்டும். நாம் பின்வாங்கினால் அவர்களும் நம்மைத் தொடர்ந்து ஏறி வருவார்கள், எனவே இசிடோரும் மயெண்டாவும் ஓடுவதற்கு வெளி கிடைக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். பந்தைப் பறித்தவுடன் லெ ஃபேயிடம் சேர்க்க ஆள் அருகில் இருந்தால்தான் அந்த வெளியால் பயன். இல்லையேல் பந்து நேரே அவர்களிடமே திரும்பும்.

லீகில் இதே மைதானத்தில் இதே கவென்ட்ரிக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்று 2-2 என்று முடித்தோம்; மார்ச்சில் அவர்கள் ஊரில் 3-0 என்று அடி வாங்கினோம். வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு இந்தப் போட்டியில் இல்லை என்பதால், அவர்கள் ஒரு கோல் அடித்தால் போதும், கணக்கு சமனாகிவிடும்.

நீலக்கண்ணாடி

நான் கவென்ட்ரி ஆதரவாளன். இங்கே விருந்தாளியாக ஒரு சொல். பயிற்சியாளர் லாம்பார்ட் நவம்பர் இறுதியில் பொறுப்பேற்றபோது நாங்கள் 17ஆம் இடத்தில் இருந்தோம். ஐந்தாம் இடத்தில் முடித்தோம். 2023 இறுதியில் லூட்டனிடம் பெனால்டியில் தோற்ற வலி எங்களுக்கும் உண்டு. 2001க்குப் பிறகு பிரீமியர் லீகைப் பார்த்ததில்லை. பிரீமியர் லீகுக்குத் திரும்ப நீங்கள் காத்திருப்பது எட்டு ஆண்டுதான் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1977க்கு நான் பொறுப்பல்ல. அப்பலகையை இயக்கியதும் நானல்ல!

சந்தேகி

ஆட்டத்தை விடுங்கள், ஏறிய பிறகு என்ன செய்வோம்? சென்ற பருவத்தில், மேலே ஏறி வந்த மூன்று அணிகளும் அந்தப் பருவத்திலேயே இறங்கின. இப்பருவமும் ஏறி வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்டன் மூன்றும் இறங்கிவிட்டன. நாம் விற்ற ஜாக் கிளார்க்கும் இப்ஸ்விச்சோடு சேர்ந்து இறங்குகிறார். நம் ஆட்டக்காரர் ரிக்குக்கு வயது 17, பெல்லிங்ஹாமுக்கு 19. இவர்களை அந்தச் சுழலில் தள்ளுவதைவிட, 1998இல் தோற்று மறு ஆண்டு 105 புள்ளிகளோடு ஏறியதைப் போல இன்னோர் ஆண்டு பொறுத்து வலுவாக ஏறலாமே. அப்படி ஏறிய அணிதான் தொடர்ந்து இரு முறை ஏழாம் இடத்தில் முடித்தது.

பழைய ரோக்கர்

அதே கிளப் 2005இல் 94 புள்ளிகளோடு வாகை சூடி ஏறி, மறு ஆண்டு வெறும் 15 புள்ளிகளோடு இறங்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? புள்ளிக் குவியல் மேல் பிரிவில் எதற்கும் உறுதி தருவதில்லை. மேலும், ஓர் ஆண்டு பொறுத்தால் இந்த இளைஞர்கள் இங்கேயே இருப்பார்கள் என்று யார் சொன்னது? டாம் வாட்சன் பிரைட்டனுக்குப் போவது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஏறாவிட்டால் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு வருவார்கள்.

விளக்குத்தூண்

நன்றி. 5 தோல்விகளைப் பற்றிய என் கூச்சம் சற்றுக் குறைந்தது. பிளே-ஆஃப் இடம் முன்கூட்டியே உறுதியானதால் பயிற்சியாளர் லெ பிரி ஆட்களை மாற்றி மாற்றி ஆடவைத்ததையும் நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். முன்னேறி ஆட வேண்டும் என்ற பக்கமே நானும் சாய்கிறேன். வென்றால் இறுதியில் எதிரே பெரும்பாலும் ஷெஃபீல்ட் யுனைடெட்தான். மற்ற அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பிரிஸ்டலில் 3-0 என்று வென்றுவிட்டு வருகிறார்கள், லீகில் நம்மைவிட 14 புள்ளிகள் அதிகம். அந்தக் கவலையை இறுதி நடக்கும் 24ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கிறேன். புதன்கிழமை அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. கூடுதல் நேரம் வரை போனால் முழு நாளாக மாற்றிக்கொள்வேன்.