கட்டித்தந்த நிறுவனம் போன பிறகு உங்கள் பள்ளிக்கூடத்து பைப் எப்படி?

கொட்டாஞ்சேனை அம்மா:
கொரோனா நேரம் பள்ளிக்கூடக் கேட்டடியில் பூட்டின, காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற சிங்க் ஞாபகம் இருக்கும்தானே. மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிறுவனம் ஆறு தந்தது. போன மாதம் சிரமதானத்துக்குப் போய், ஒன்றில் அடைத்த இலையை அள்ளலாம் என்று கை வைத்தால் அடியில் கறுத்த தண்ணீர், அதில் நுளம்புக் குடம்பி துள்ளுது. நேர் மேலே சுவரில் 'கை கழுவுவோம்' என்று சிரிக்கிற பிள்ளையின் படம். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்கு என்று அதிபர் அன்றைக்கே ஆறையும் கழற்றிக் கவிழ்த்துவிட்டார். இப்போது முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பைப்.

மட்டக்குளியான்:
கவிழ்த்தது பிழை. மிதியின் ஸ்பிரிங்தான் போயிருக்கும், அதை மாற்ற என்ன கஷ்டம்? எங்கள் பக்கம் இதைவிட மோசம். புது டொய்லட்டுக்குப் பூட்டு, திறப்பு ஒபிசில், பார்க்க ஆட்கள் வருகிற நாளில்தான் திறப்பார்கள். இரண்டாம் வகுப்புச் சின்னவன் திறப்புக் கேட்டு நின்றான், டீச்சர் போனில் இருந்தா, அவன் காலைப் பின்னிப் பின்னி நின்று கடைசியில் ஒபிஸ் வாசலிலேயே மூத்திரம் போய்விட்டான். மகனைக் கூட்டப் போன நான்தான் துடைத்தேன்.

வெள்ளவத்தை பழைய மாணவன்:
என் கதை சின்னது. 2022இலும் 2023இலும் தண்ணீர்க் கட்டணம் ஏறிய கையோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்டர்வல் முடிந்ததும் மெயின் வால்வைப் பூட்டத் தொடங்கினார்கள். சரி, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கட்டித்தர வருகிறவரிடம் முதல் நாளே கேளுங்கள், கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் யார், சவர்க்காரம் யார் என்று. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அதற்கென்று ஒரு தொகை ஒதுக்கி, கூட்டக் குறிப்பிலும் எழுத வையுங்கள், இல்லாவிட்டால் அதிபர் மாறினதும் எல்லாம் போச்சு. சென்சர் பைப் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வோஷர் கடையில் கிடைக்கிற சாதாரண பைப் போதும். சவர்க்காரத்தை வெங்காயப் பை வலையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் கொழும்புக் காகம் தூக்கிவிடும், சிரிக்காதீர்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார அமைப்பு 25 பெண் பிள்ளைகளுக்கு ஒரு டொய்லட் என்கிறது, உங்களிடம் எத்தனை என்று எண்ணியும் பாருங்கள்.

கிராண்ட்பாஸ் டீச்சர்:
எண்ணினோம் அண்ணா, இருக்கிறது. மூடியோடு ஒரு வாளிதான் இல்லை. 2024இல் அரசாங்கம் மாதவிடாய் பேட் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் தந்தது, நல்ல விஷயம்தான். மாற்றினதை எங்கே போடுவது? என் வகுப்புப் பிள்ளை ஒன்று பேப்பரில் சுற்றிப் புத்தகப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

கொட்டாஞ்சேனை அம்மா:
மட்டக்குளி அண்ணா, ஸ்பிரிங் தேடிப் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறிவிட்டேன். அந்த மிதி எங்கோ வெல்டிங் கடையில் செய்ததாம், அந்த அளவுக்கு ஸ்பிரிங் இல்லையாம். ஒரு முதலாளி சைக்கிள் சீட் ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போடப் போகிறோம், முதலில் ஒன்றுக்கு மட்டும்.