பரோடிட் எனும் காதடி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு 31 கிரே கதிர்: அம்மாவின் வாய் கட்டாயம் வறண்டு போகுமா?

மஸ்கெலியா_மகன்:
அம்மாவுக்கு 61 வயது. மடியில் வெற்றிலைப் பை இல்லாமல் ஒருநாளும் தேயிலைக் கொழுந்து மலைக்கு ஏறியதில்லை. நாக்கோரத்தில் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்தது. பத்து நாளில் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கத் தொடங்குகிறார்கள்: 30 தடவை, மொத்தம் 60 கிரே (கதிர் அளவின் அலகு). பிளான் தாளை ஃபோனில் படம் பிடித்து வந்தேன். இடது பரோடிட் சராசரி 31, வலது 19, முள்ளந்தண்டு வடம் உச்சம் 41. கேட்டால் "எல்லாம் லிமிட்டுக்குள்தான்" என்றார்கள். பரோடிட்டுக்கு லிமிட் 25 என்றல்லவா வாசித்தேன்? அம்மாவுக்கு இதெல்லாம் கவலையில்லை. "ரொட்டி இறங்குமா?" என்று மட்டும் கேட்கிறார்.

கதிர்க்கணக்கு:
தம்பி, நான் இந்தப் பிளான் போடுகிற வேலையில் இருப்பவன். 25 என்பது இரண்டு பக்கச் சுரப்பிக்கும் சேர்த்துப் பார்க்கிற சராசரி. ஒரு பக்கத்தையாவது 20க்குள் காப்பாற்றினால் கடுமையான வறட்சியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்கிறது எந்த உறுப்பு எவ்வளவு கதிர் தாங்கும் என்று 2010இல் வந்த குவான்டெக் ஆய்வுத் தொகுப்பு. கடுமையானது என்றால், உமிழ்நீர் பழைய அளவில் கால்வாசிக்கும் கீழே போவது. அம்மாவின் வலது பக்கம் 19. அதைத்தான் லிமிட் என்றிருப்பார்கள்.

ஒன்றுக்குச் சராசரி, இன்னொன்றுக்கு உச்சம் ஏன்? சுரப்பி கொழுந்து நிரை மாதிரி. நாலு பேர் வராவிட்டால் றாத்தல் குறையும், வேலை நிற்காது. முள்ளந்தண்டு வடமோ பீலித் தண்ணீர்க் குழாய். ஓரிடத்தில் உடைந்தாலும் கீழ் லயத்துக்குச் சொட்டு வராது. நாளுக்கு 2 கிரே வீதம் வடத்துக்கு 50 போனாலும் பாதிப்பு 0.2 சதவீத அளவுதான். 41க்குப் பயப்பட வேண்டாம்.

சும்மா இருக்கும்போது வாயை நனைப்பது தாடைக்கு அடியிலுள்ள சுரப்பி. கழுத்து ஆபரேஷனில் அதை எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் இராத்திரியில் வாய் காயும், பரோடிட் நன்றாக இருந்தாலும்.

பதுளைப்_பிள்ளை:
அப்பாவுக்கு மூன்றாவது கிழமையிலிருந்து வாயெல்லாம் புண். ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்துக் கொடுத்தோம். கட்டசம்பலை ஏழு மாதம் தொடவில்லை. அது சரி, அம்மாவின் பல்லைப் பார்த்தார்களா? கரண்ட் வைத்தபிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

கதிர்க்கணக்கு:
முக்கியமான விசயம், நான்தான் விட்டுவிட்டேன். பிடுங்குவதென்றால் முதலில் வார்டுக்குச் சொல்லுங்கள். காயம் ஆற இரண்டு கிழமையாவது வேண்டும், தேதியைத் தள்ளலாமா என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும்.

மஸ்கெலியா_மகன்:
டோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டு ஆடுகிறது. காலையில் முதல் பஸ்ஸில் போகிறோம். பரோடிட் கதையைக் கொழுந்து நிரை வைத்துச் சொன்னேன். "அப்ப வலது பக்கம் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டாவது ஓடும்" என்றார். வெற்றிலைப் பையைத் தங்கச்சி ஒளித்துவிட்டாள், அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.