கொரோனா அமெரிக்காவில் வேலை போனது எல்லாருக்கும்தானே, கறுப்பின, லத்தீன் பெண்களை மட்டும் தனியாகச் சொல்வது ஏன்?

மணிமுத்தாறு:
எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். கொரோனா காலத்து அமெரிக்க வேலையிழப்பைப் பற்றி அடுத்த வாரம் செமினார். 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் 2 கோடிக்கும் மேல் வேலை போனது, வேலையின்மை 14.7 சதவீதம் வரை ஏறியது, இதெல்லாம் புரிகிறது. ஆனால் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் கறுப்பினப் பெண்கள், லத்தீன் பெண்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்று தனியாக ஒரு பகுதி வந்துவிடுகிறது. ஹோட்டலை இழுத்துப் பூட்டினால் அங்கே வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும்தானே வேலை போகும்? இதில் நிறம் எங்கே வந்தது? திட்டாமல் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி:
திட்ட என்ன இருக்கிறது, நியாயமான கேள்விதான். அதே ஏப்ரல் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 20 வயது தாண்டிய ஆண்களில் வேலையில்லாதவர்கள் 13 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் 15, கறுப்பினப் பெண்களில் 16.4, லத்தீன் பெண்களில் 20.2. வைரஸ் நிறம் பார்க்கவில்லை, வாஸ்தவம். ஆனால் ஹோட்டல் அறை சுத்தம் செய்வது, வீட்டு வேலை, குழந்தைகள் காப்பகம், நெயில் சலூன் என்று முதல் வாரத்திலேயே மூடப்பட்ட இடங்களில் யார் குவிந்திருந்தார்கள் என்று பாருங்கள். கலிஃபோர்னியா நெயில் சலூன்களில் பெரும்பாலும் வியட்நாமியப் பெண்கள், அதனால் ஆசியப் பெண்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை போகாதவர்கள் கதை வேறு மாதிரி. முதியோர் இல்ல உதவியாளர், மளிகைக்கடை கேஷியர் எல்லாம் தினமும் போயே ஆக வேண்டும். 2020 மார்ச்சில் சம்பளத்தோடு விடுப்பு என்று அவசரமாக ஒரு சட்டம் போட்டார்கள், ஆனால் 500 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். பெரிய சங்கிலிக் கடைகள் எல்லாம் அப்படியே வெளியே!

கையில் சேமிப்பு இருந்தால் மூன்று மாதம் தாக்குப்பிடிக்கலாம். முழுநேர வேலையில் ஒரு வெள்ளையின ஆண் 1 டாலர் சம்பாதித்தால் கறுப்பினப் பெண்ணுக்கு 63 சென்ட், லத்தீன் பெண்ணுக்கு 55 சென்ட் என்ற அளவில்தான் கொரோனாவுக்கு முன்பே இருந்தது, இதில் சேமிப்பு எங்கிருந்து வரும்?

சும்மா_ஒருவன்:
எல்லாம் சரி, ஆனால் நீங்கள் சொன்ன காரணங்கள் முழுக்க வர்க்கம்தான். குறைந்த கூலி, சேமிப்பு இல்லை, விடுப்பு இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் உணவகத்தில் பரிமாறுகிற வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் அதே கதிதான். நிறத்தைப் பேசிப் பேசியே அவளை மறந்துவிடுகிறார்கள்.

கரிசல்மண்:
சும்மா_ஒருவன் சார், அவளை யாரும் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் குறைந்த கூலி வேலையில் ஏன் கறுப்பின, லத்தீன் பெண்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த வேலைக்கு ஏன் பாதுகாப்பே இல்லை என்று கேட்டால் 1930களுக்குப் போக வேண்டும். 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938 குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இரண்டிலும் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்கவில்லை. தென் மாநிலங்களில் அந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். வீட்டு வேலைக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைத்ததே 1974-ல்தான். இன்றைக்கும் அந்த வேலையில் நிறையப் பேருக்குச் சம்பளம் ரொக்கமாகக் கைமாறுகிற பணம்தான். கணக்கில் வராத சம்பளத்துக்கு வேலையின்மை உதவித்தொகை கிடைக்காது.

நியூஜெர்சியில் நம் ஆட்கள் லேப்டாப்போடு வீட்டிலேயே உட்கார்ந்து முழுச் சம்பளம் வாங்கினார்கள். வீடு துடைக்க வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ‘இனி வர வேண்டாம்’ என்று ஒரு மெசேஜ், அதோடு சரி. எத்தனை வீடுகளில் அவருக்குச் சம்பளம் தொடர்ந்து போனது என்று கேட்டால் பதில் வராது.

நிவாரணத்திலும் பாருங்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 1,200 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து வரிக்கணக்கு காட்டி, ஒருவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் (குடிமக்களுக்கும் வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் அரசு தருவது) இல்லையென்றால், ராணுவக் குடும்பங்கள் தவிர மற்றவர்களுக்கு ஒன்றுமே கிடையாது. குடியுரிமை உள்ள மனைவிக்கும், அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைக்கும்கூட! டிசம்பர் 2020-ல்தான் இதைத் திருத்தினார்கள். சிறு தொழில்கள் ஆட்களை நீக்காமல் சம்பளம் கொடுக்க அரசு ஏற்பாடு செய்த பிபிபி கடன் வங்கி வழியாகப் போனது, வங்கியோடு ஏற்கெனவே நல்ல பழக்கம் உள்ளவர்கள் முந்திக்கொண்டார்கள், முதல் 349 பில்லியன் டாலர் 13 நாளில் காலி. தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்களுக்கு நிகர லாபத்தை வைத்துக் கடன் அளந்தார்கள். வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்துகிற பெண்ணுக்குச் செலவு போக என்ன மிஞ்சும்? அந்த விதி மாறியது 2021 மார்ச்சில்.

ஹூஸ்டன்வாசி:
செமினாருக்கு இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். வேலையின்மை சதவீதத்தை மட்டும் காட்டினால் பாதிக் கதைதான். வேலை தேடுவதையே நிறுத்திவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 2020 செப்டம்பரில் பள்ளிக்கூடம் ஆன்லைனில் தொடங்கியதும் சுமார் 8,65,000 பெண்கள் வேலைச் சந்தையை விட்டே விலகினார்கள், ஆண்கள் சுமார் 2,16,000. அந்தப் பெண்களில் 3,24,000 பேர் லத்தீன் பெண்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை, பல காப்பகங்கள் மூடிக் கிடந்தன.

மணிமுத்தாறு:
ஆஹா, நிறைய கிடைத்தது, நன்றி. அப்படியானால் உருப்படியாக வேலை செய்த திட்டம் என்று எதையாவது சொல்ல முடியுமா?

கரிசல்மண்:
2021-ல் பிள்ளைகளுக்கான வரிச்சலுகையைக் கூட்டி, ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதாமாதம் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். வருமானமே இல்லாத வீட்டுக்கும் முழுத்தொகை. அரசு உதவிகளையும் சேர்த்து அளக்கிற கணக்கில் அந்த ஆண்டு குழந்தை வறுமை 5.2 சதவீதம் வரை இறங்கியது. நிறுத்தினார்கள், 2022-ல் 12.4.

சும்மா_ஒருவன்:
பார்த்தீர்களா, அந்தத் திட்டம் நிறமே பார்க்கவில்லை. என் கட்சிக்குத்தானே பலம்?

கரிசல்மண்:
அந்த வரிச்சலுகைக்கு 2021-க்கு முன்பு இருந்த விதியும் நிறம் பார்க்காத விதிதான் சார். வருமானம் குறைவு என்பதால் முழுத்தொகை கிடைக்காமல் இருந்த பிள்ளைகள் கறுப்பின, லத்தீன் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி. வெள்ளையினப் பிள்ளைகளில் அந்த விகிதம் அதைவிட ரொம்பக் குறைவு.