குதிகால் ரத்தப் பரிசோதனை: தேவையா, வியாபாரமா?

கொடுங்கையூர்க்காரன்:
தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து மூன்று நாள் ஆகிறது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து ஐம்பது பரம்பரை நோய்களைப் பார்த்துவிடலாம் என்று ஒரு தனியார் லேபில் சீட்டு நீட்டுகிறார்கள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை. எங்கள் ஆயா ஏழு பெற்றாள், ஒரு குதிகாலையும் யாரும் குத்தவில்லை. பச்சை வியாபாரம்!

ராயபுரம் லேப் அக்கா:
ஏழில் எத்தனை தங்கியது தம்பி? "யாருக்கும் இல்லை" என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்பா, அம்மா இருவரும் ஒரே மரபணுக் கோளாறை வெளியே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. தாய்மாமனைக் கட்டியிருந்தால் அப்படி அமைவது இன்னும் சுலபம். பாலிலுள்ள சர்க்கரையை உடல் பயன்படுத்த முடியாத கேலக்டோசீமியா என்றால் அந்தத் தாய்ப்பாலே பிள்ளைக்கு ஆகாது. தைராய்டு குறைபாடு பெரும்பாலும் பரம்பரை இல்லைதான், ஆனாலும் அதே துளியில் தெரியும். அந்தக் குறைபாட்டால் அழாமல் தூங்கும் பிள்ளையை "சாது" என்று கொஞ்சிக்கொண்டிருப்போம். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

கொடுங்கையூர்க்காரன்:
சரிக்கா, நாங்களும் சொந்தத்தில்தான் கொடுத்தோம். ஆனால் பக்கத்து வீட்டில் போன் போட்டு "பாசிட்டிவ்" என்றார்கள். வீடே எழவு வீடு மாதிரி ஆனது. மறுபடி பார்த்தால் ஒன்றுமில்லை!

ராயபுரம் லேப் அக்கா:
அப்படிப் போனில் சொன்னது தப்புதான். இது சல்லடை, தீர்ப்பு இல்லை. உறுதிசெய்ய வேறு பரிசோதனை உண்டு. பிறந்த அன்றே எடுத்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் (டிஎஸ்எச்) இயல்பாகவே ஏறியிருக்கும், குறைபாடு போலக் காட்டும், அதனால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வது. அப்புறம் ரத்தத்தை ஊறவிட்டு லேபுக்கு அனுப்பும் அந்த அட்டை. வட்டத்துக்கு ஒரு துளி, பின்பக்கம் வரை ஊற வேண்டும். நிழலில் மூன்று நான்கு மணி நேரம் கிடையாகக் காய வேண்டும். கத்திரி வெயிலில் கூரியர் பையனின் பைக் பெட்டியில் கிடந்தால் ரத்தத்தில் அளக்க வேண்டிய என்சைம் (நொதி) செத்துவிடும், நல்ல பிள்ளைக்கும் குறைவு என்று காட்டும். ஐம்பதும் வேண்டுமா என்று கேளுங்கள், அது நியாயம். அடிப்படையான ஐந்தாறை விடாதீர்கள்.

கொடுங்கையூர்க்காரன்:
மருந்தே இல்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்னக்கா பண்ணுவது?

வியாசர்பாடி அம்மா:
என் பையனுக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் என்சைம் குறைவு. தினமும் போட மாத்திரை எதுவும் இல்லை. தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல்தான் கொடுத்தார்கள். முதல் வேலையாக பீரோவிலிருந்த பாச்சை உருண்டையைத் தூக்கிப் போட்டேன். அந்த நெடியிலேயே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வருமாம்.

கொடுங்கையூர்க்காரன்:
பிள்ளைத் துணிப் பெட்டியில் மூன்று உருண்டை கிடக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு வருகிறேன்.