ஜிஹெச் ஓபில காத்திருக்கிற நேரத்தை குறைக்க எது நெஜமாவே உதவும்?

ஆத்தோரம்:
எங்க மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி நோயாளர் நலச் சங்கத்துல நானும் ஒரு மெம்பர். இந்த தடவை கையில கொஞ்சம் பணம் இருக்கு, டோக்கன் நம்பர் காட்டுற பெரிய டிவி போடலாம்னு பேச்சு ஓடுது, எனக்கு மனசு ஒப்பல. டாக்டரை பாக்குறது ரெண்டு நிமிஷம், அதுக்கு முன்னாடி சீட்டு வரிசை, பின்னாடி மாத்திரை வரிசைன்னு வயசானவங்க மத்தியானம் வரைக்கும் நிக்குறாங்க. எதுல போட்டா பலன் இருக்கும், பலன் வந்துச்சான்னு எப்படி பாக்குறது?

மாத்திரை கவுன்டர்:
டிவி வேணாம் சார். நான் வேற மாவட்டத்துல பார்மசிஸ்ட், எங்க வரிசைல பாதிக்கு மேல சுகர், பிரஷருக்கு மாசாமாசம் அதே மாத்திரை வாங்க வர்றவங்கதான். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சு வீட்டுக்கே கொண்டுபோய் தர்றாங்க, ஆனா ஜிஹெச்ல பாக்குறவங்க பேரு அவங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தோட (பிஹெச்சி) லிஸ்ட்டுக்கு போய் சேரணுமே. அந்த லிஸ்ட்டை ஊர் வாரியா பிரிச்சு அனுப்ப ஒரு ஆள் போடுங்க. கூடவே பிஹெச்சி இன்டென்டையும், அதாவது அவங்க கேட்டு எழுதுற மருந்து அளவையும், ஏத்த சொல்லுங்க, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தர்ற மருத்துவப் பணிகள் கழக குடோன்ல அவங்களுக்கு ஒதுக்குன தொகை பாஸ்புக் கணக்குல இருக்குற அளவுக்குத்தான் எடுக்க முடியும், அங்க மாத்திரை தீர்ந்தா எல்லாரும் திரும்ப உங்ககிட்டயே வந்து நிப்பாங்க.

களப்பணி:
மாத்துறதுக்கு முன்னாடியே அளந்து வைங்க. ஒரு வாரம் ஓபி சீட்டுலயே மூணு நேரம் எழுத சொல்லுங்க, சீட்டு போட்டது, டாக்டர் பாத்தது, மாத்திரை வாங்குனது. திங்கக்கிழமை கண்டிப்பா இருக்கணும். சராசரியை மட்டும் பாக்காதீங்க, ரொம்ப நேரம் நின்னவங்க எவ்வளவு நேரம் நின்னாங்க, சீட்டு போட்டுட்டு மாத்திரை வாங்காமலே போனவங்க எத்தனை பேர்னு பாருங்க. மத்திய அரசோட ஆஸ்பத்திரி தர மதிப்பீடான என்குவாஸ்ல 70 சதவீதம் எடுத்தா சர்டிபிகேட் வரும், நோயாளி திருப்தி சர்வேயும் அதுல உண்டு, ஆனா பாதியிலேயே வீட்டுக்கு போனவர்கிட்ட அந்த ஃபாரம் எப்படி போய் சேரும்?

வார்டு சிஸ்டர்:
லிஸ்ட் அனுப்புறது நல்லதுதான், ஆனா யாரை அனுப்பலாம்னு டாக்டர் பாத்து சொல்லணும். சுகர் கட்டுக்குள்ள இல்லாதவங்களையும், கால்ல புண்ணு இருக்கறவங்களையும், கிட்னி டெஸ்ட் சரியில்லாதவங்களையும் அனுப்பிடாதீங்க, கூட்டம் குறைஞ்ச மாதிரி தெரியும், அப்புறம் அவங்களே அட்மிஷனுக்கு வருவாங்க. அதனால கால் புண்ணுக்கு அட்மிட் ஆகுறவங்க எண்ணிக்கையையும் சேர்த்து பாருங்க.

ஆத்தோரம்:
ரொம்ப நன்றி. டிவியை இப்போதைக்கு தள்ளி வைக்க சொல்லிடறேன். சீட்டுல நேரம் எழுத ஸ்டாஃபுக்கு நேரம் இருக்காது, நர்சிங் காலேஜ் பிள்ளைங்களை கேக்கலாமா?

களப்பணி:
தாராளமா கேளுங்க, நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்எம்ஓ) கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிடுங்க.