சங்கனாச்சேரியில் பெய்த செம்மழையும் நான் குறித்துவைக்காத இடியும்

இங்கே தங்கள் அனுபவங்களை எழுதிய அனைவருக்கும் வணக்கம். விளக்கம் கிடைக்காத நிகழ்வுகளைப் பற்றிப் பலரும் எழுதியதைப் படித்தபின், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

2001ஆம் ஆண்டு கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், சங்கனாச்சேரியில் மளிகைக் கடை வைத்திருந்த மாமாவின் வீட்டில் தங்கியிருந்தேன். கர்க்கடக மாதத்தின் (நம் ஆடி மாதம்) ஒரு காலையில் பெய்த மழை கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கொல்லைப்புறக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மாமாவின் வெள்ளை வேட்டியை எடுக்க அத்தை ஓடினார். எடுத்து வந்த வேட்டியில் இளஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்திருந்தன. கூரை விளிம்பின் கீழ் இருந்த அலுமினிய வாளியில், அந்த ஊரில் பதிமுகம் என்னும் மரச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுப்பார்களே, அதே நிறத்தில் நீர் நின்றது. பக்கத்து வீட்டு அம்மச்சி "சோர மழ" (இரத்த மழை) என்று சொல்லி நெஞ்சில் சிலுவை இட்டுக்கொண்டார். நான் ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து வைத்தேன். மறுநாள் பார்த்தபோது சிவப்பெல்லாம் அடியில் மெல்லிய படிவாக இறங்கியிருந்தது. மேலே நின்ற நீர் தெளிந்திருந்தது. ஆகவே அது நீரில் கரைந்த சாயமன்று, மிதந்துவந்த துகள் என்பது எனக்கே புரிந்தது.

அந்த ஆண்டு ஜூலை 25இல் தொடங்கி செப்டம்பர் வரை கேரளத்தின் பல இடங்களில் இவ்வாறு விட்டுவிட்டுப் பெய்தது. திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தினர், வானில் எரிகல் ஒன்று வெடித்துச் சிதறிய தூசியாக இருக்கலாம் என்றுதான் முதலில் கருதினார்கள். மழைக்கு முன் பேரிடி கேட்டதாகவும் ஒளி தெரிந்ததாகவும் ஊரார் சொன்னதே அதற்குக் காரணம். ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்தது தூசியன்று, பாசியும் பூஞ்சையும் பரவ உதவும் நுண்ணிய வித்துகளைப் (spores) போன்ற உயிரணுக்கள். பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்தில் அவற்றை வளர்ப்பூடகத்தில் (உயிரணுக்களை வளர்க்கும் ஊட்டக் கலவையில்) இட்டபோது பாசி முளைத்தது. அது டிரென்டிபோலியா என்னும் பாசி. பச்சைப்பாசி வகையைச் சேர்ந்ததாயினும், கரோட்டின் நிறமி மிகுந்திருப்பதால் மரப்பட்டையிலும் மதிற்சுவரிலும் செம்மஞ்சளாகத் தெரியும். பூஞ்சையோடு இணைந்து லைக்கன் என்னும் கூட்டுயிராகவும் வாழும். நம் வீட்டுக் குழம்பில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். ஆய்வாளர்கள் சங்கனாச்சேரிக்கு வந்து பார்த்தபோது மரங்களிலும் பாறைகளிலும் விளக்குக் கம்பங்களிலும் லைக்கன் அடர்ந்திருந்தது.

கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர்கள் காட்ஃப்ரி லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகிய இருவரும் இதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 50,000 கிலோ துகள் விழுந்திருக்கும் என்று கணக்கிட்டு, அவை வால்மீன் துண்டு ஒன்றின் வழியாக வந்த வேற்றுலக உயிரணுக்களாக இருக்கலாம் என்று 2006இல் ஆய்விதழில் எழுதினார்கள். இந்தக் கருத்தை எள்ளி நகையாடியவர்கள் பலர்; நான் அவ்வாறு செய்ய மாட்டேன். சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில் சொல்லப்பட்ட கருத்து அது. சோதித்தார்கள், அது நிற்கவில்லை. 2015இல் தாவரவியலாளர் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழுவினர் மரபணு வரிசையை ஆராய்ந்து, அதற்குமுன் ஆஸ்திரியாவில் அறியப்பட்டிருந்த ஒரு டிரென்டிபோலியா இனத்தோடு பொருத்தினார்கள். ஆயினும் அத்தனை வித்துகள் ஒரே சமயத்தில் வெளிப்பட்டு மேகம்வரை ஏறியது எவ்வாறு என்னும் கேள்விக்கு எனக்கு மனநிறைவான விடை இன்னும் கிடைக்கவில்லை.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எரிகல் வாதம் முழுவதும், இடி எப்போது கேட்டது என்னும் சாட்சியத்தைப் பற்றிக்கொண்டு நின்றது. மழைக்குச் சற்று முன்னர், ஜன்னல் கம்பிகள் அதிரும்படி ஒரே ஒரு இடி கேட்டதாக எனக்கு நினைவு. அத்தையோ, இடி முந்திய இரவில்தான் கேட்டது, காலையில் ஒரு சத்தமும் இல்லை என்று இன்றும் உறுதியாகச் சொல்கிறார். இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். இருவரும் பொய் சொல்பவர்களல்லர். பின்னாளில் செய்தித்தாளில் படித்த இடி என் நினைவுக்குள் புகுந்துவிட்டதா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்தப் புட்டியின்மேல் நாளும் நேரமும் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால், அதில் "இடி கேட்டது" அல்லது "கேட்கவில்லை" என்று இரண்டு சொற்கள் இருந்திருந்தால், ஆய்வாளர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். புட்டியும் வீடு மாற்றியபோது போய்விட்டது.

மலையில் நகரும் ஒளியைக் கண்டதாக இங்கே எழுதிய சகோதரிக்கு ஒரு வேண்டுகோள்: எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்பதை, வேறு யாரிடமும் பேசுவதற்கு முன், இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.